தீவை விட்டார், சட்டத்தை விடவில்லை

மூன்றாமாண்டு இளங்கலை (வரலாறு) மாணவன்

வரலாறு படிக்கும் நமக்குப் பெரிய போர்களின் மீதுதான் காதல் அதிகம். பானிப்பட்டு என்றால் மூன்றையும் ஆண்டோடு ஒப்பிப்போம். வந்தவாசி, பிளாசி, வாட்டர்லூ என்று அடுக்குவோம். தேர்வில் அவைதாமே கேட்கப்படுகின்றன! இருபதே நாள் நடந்து முடிந்து, நம் பாடநூலில் ஒரு வரி இடமும் பெறாத ஒரு போரைப் பற்றி ஆண்டு மலருக்கு எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, விடுதி நண்பர் ஒருவர், "அந்தப் போரில் யாரப்பா ஜெயித்தது?" என்று கேட்டார். ஒரு சொல்லில் விடை கூற என்னால் முடியவில்லை. இக்கட்டுரையை அவருக்கு நான் தரும் நீண்ட விடையாகக் கொள்ளலாம்.

1814ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள். ஐரோப்பாவையே ஆட்டி வைத்த நெப்போலியன் எல்பாத் தீவில் அடைபட்டுக் கிடந்தான். இனி அமைதிதான் என்று உலகம் பெருமூச்சு விட்ட நேரம். அன்று ஐரோப்பாவின் வடகோடியில், நார்வே நாட்டின் வாசலில் கிடந்த சில பாறைத் தீவுகளின் மீது ஸ்வீடனின் கடற்படை பாய்ந்தது. அந்தத் தீவுகளின் பெயர் வாலர். நார்வேக்காரர்கள் எழுதும்போது முன்னால் ஒரு 'ஹ' போட்டு எழுதுகிறார்கள். சொல்லும்போது அதை விட்டுவிடுகிறார்கள். சொல்லின் பொருள் திமிங்கிலங்கள் என்பதாகும்.

திமிங்கிலத் தீவுகள்

நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். இன்று ஆஸ்லோ என்றும், அன்று கிறிஸ்டியானியா என்றும் பெயர் பெற்ற தலைநகரை நோக்கிக் கடல் நீண்ட கை ஒன்றை நிலத்துக்குள் நீட்டியிருக்கிறது. இத்தகைய கடற்கைகளை அந்நாட்டார் ஃபியர்டு என்பர். அந்த ஃபியர்டின் வாயிலில், கிழக்குக் கரையோரம், ஸ்வீடனின் எல்லையை ஒட்டி வாலர் தீவுகள் கிடக்கின்றன. கிர்க்கோய், அஸ்மலோய், வெஸ்டரோய், ஸ்பியாரோய் ஆகிய நான்கும் பெரியவை. மற்றவை குட்டித் தீவுகளும் மொட்டைப் பாறைகளும். எல்லாவற்றையும் சேர்த்தால் எண்ணூறுக்கு மேல் வரும். பனி யுகத்தில் இந்நிலத்தின் மீது ஊர்ந்து சென்ற பனிப்பாளங்கள் கருங்கல்லைத் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டன. கடலில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும் திமிங்கிலக் கூட்டம் என்று பழங்காலத்தார் பெயர் வைத்ததில் வியப்பில்லை.

தீவுகளுக்கு வடக்கே நார்வேயின் மிக நீளமான ஆறான குளோம்மா கடலில் கலக்கிறது. அது கலக்குமிடத்தில் பிரெட்ரிக்ஸ்டாட் என்னும் கோட்டை நகரம். கிழக்கே, எல்லையோரத்தில் இன்று ஹால்டன் எனப்படும் ஊர்; அதன் தலைக்கு மேலே பிரெட்ரிக்ஸ்டென் என்னும் மலைக்கோட்டை. ஆக, வாலர் தீவுகள் எவன் கையில் இருக்கின்றனவோ அவன் கையில் ஆற்று வாயும் இருக்கும். நகரத்துக்குச் செல்லும் கடல் வழியும் இருக்கும். வீட்டுத் திண்ணையைப் பிடித்துக்கொண்டவனை மீறி வீட்டுக்குள் யார் நுழைய முடியும்? அல்லது யார்தான் வெளியே வர முடியும்?

ஒரு நாடு கைமாறிய விதம்

ஸ்வீடன் எதற்காக நார்வேயின் மீது படையெடுத்தது? நிலம் வேண்டும் என்பதற்காக என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால், அந்த நிலம் ஏற்கெனவே தனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று ஸ்வீடன் நினைத்ததே இக்கதையின் சுவை.

நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நார்வே டென்மார்க்கோடு ஒரே முடியின் கீழ் இருந்து வந்தது. நெப்போலியப் போர்களின்போது டென்மார்க் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கியே நின்றது. அதன் கப்பற்படை நெப்போலியன் கையில் சிக்கிவிடக் கூடாது என்று அஞ்சிய பிரிட்டன், 1807 செப்டம்பரில் கோபன்ஹேகன் நகரத்தின் மீது குண்டுமாரி பொழிந்து, கப்பல்களைத் தன் நாட்டுக்கு ஓட்டிச் சென்றுவிட்டது. ஒதுங்கி நின்ற டென்மார்க் அதன் பின் நெப்போலியன் பக்கமே சாய்ந்தது. பிரிட்டன் கடலை அடைத்தது. வயிற்றுக்குத் தானியம் டென்மார்க்கிலிருந்து வந்தாக வேண்டிய நார்வேயில் பஞ்சம் தலைவிரித்தாடியது. முற்றுகையை மீறிச் சிறு படகில் டென்மார்க்குக்குத் தண்டு வலித்துச் சென்று, குடும்பத்துக்காக பார்லி கொண்டுவர முயன்ற ஒருவனைப் பற்றி இப்சன் 'தெர்யே விகன்' என்னும் நெடுங்கவிதையை 1862இல் எழுதினார். நாடக ஆசிரியராக நாம் அறிந்த அதே இப்சன்தான். பசியின் நினைவு அரை நூற்றாண்டு கடந்தும் அம்மக்களின் நெஞ்சில் ஆறாமல் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

இதற்கிடையில் ஸ்வீடனில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே முதிய அரசர் பதின்மூன்றாம் கார்லுக்கு வாரிசு இல்லை. 1810இல் நெப்போலியனின் தளபதிகளுள் ஒருவரான பெர்னடோட் என்னும் பிரெஞ்சுக்காரரையே பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கார்ல் யோஹான் என்று பெயர் சூடிக்கொண்டு, தம்மை வளர்த்த நெப்போலியனுக்கு எதிராகவே போரில் இறங்கினார். அதற்கு அவர் கேட்ட கூலி நார்வே. 1814 ஜனவரியில் கீல் நகரத்தில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. தோற்றுப்போன டென்மார்க்கின் அரசர் ஆறாம் பிரெடரிக், நார்வேயை ஸ்வீடனின் அரசருக்கு விட்டுக் கொடுத்தார். ஐஸ்லாந்தும் கிரீன்லாந்தும் ஃபேரோ தீவுகளும் அவரிடமே தங்கின. ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, ஒரு நாடு கைமாறிவிட்டது. நார்வே மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர்கள் கேட்காமலே பதில் சொன்னார்கள். அரசர் வேண்டுமானால் தம் முடியைத் துறக்கலாம். ஆனால் துறந்த முடி மக்களிடம்தான் திரும்பி வரும். அதை அவர் இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்க உரிமை இல்லை. இதுவே அவர்கள் வாதம். நார்வேயில் அரசப் பிரதிநிதியாக இருந்த டேனிஷ் இளவரசர் கிறிஸ்டியன் பிரெடரிக், பிறப்புரிமையின் பேரில் தாமே முடிசூட நினைத்திருந்தார். பேராசிரியர் கேயார்க் ஸ்வெர்ட்ரூப் முதலானோர் அவரைத் தடுத்து இந்த வாதத்தை எடுத்துரைத்தனர். பேராசிரியர் ஒருவர் சொல்லை இளவரசர் ஒருவர் கேட்டார் என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் மகிழ்வோடு குறித்துக்கொள்வார்களாக!

1814 ஏப்ரல் 10ஆம் நாள் எய்ட்ஸ்வோல் என்னுமிடத்தில், இரும்பு ஆலை முதலாளி ஒருவரின் மாளிகையில் 112 பிரதிநிதிகள் கூடினார்கள். உழவர்களும் இருந்தனர், வணிகர்களும் அதிகாரிகளும் போர்வீரர்களும் பாதிரிமாரும் இருந்தனர். ஐந்து வாரங்களில் ஓர் அரசியல் சட்டத்தை எழுதி முடித்து, மே 17ஆம் நாள் கையெழுத்திட்டு, கிறிஸ்டியன் பிரெடரிக்கை அரசராகவும் தேர்ந்தெடுத்தார்கள். குறையற்ற சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். யூதர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அதில் ஒரு விதி இருந்தது. அது நீங்க 1851 வரை ஆயிற்று. பெண்களுக்கு முழு வாக்குரிமை கிடைக்க 1913 வரை ஆயிற்று. ஆயினும், அரசனின் கையைச் சட்டத்தால் கட்டிய ஏடு அது. அந்த ஏட்டைக் கிழித்தெறியத்தான் கார்ல் யோஹான் படையோடு வந்தார்.

தரங்கம்பாடிக்கு இதில் என்ன பங்கு?

'எங்கோ கிடக்கும் நார்வேயைப் பற்றி இவனுக்கு என்ன அக்கறை?' என்று சிலர் நினைக்கக்கூடும். நான் தரங்கம்பாடிப் பக்கத்துக்காரன். டேன்ஸ்பர்க் கோட்டையின் சுவரில் சாய்ந்து கடலைப் பார்த்து வளர்ந்தவன். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று அந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் டென்மார்க்கினர். அந்த டென்மார்க் அரசுக்குள் அன்று நார்வேயும் அடக்கம். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் அயல்நாட்டுப் பெயர்களைப் படிக்கப் போய், அவற்றின் பின்னே போன வழியில்தான் நான் வாலர் தீவுகளுக்கு வந்து சேர்ந்தேன்.

1788 முதல் 1806 வரை தரங்கம்பாடியின் ஆளுநராக இருந்தவர் பீட்டர் ஆங்கர். இவர் நார்வேக்காரர். பிறந்த ஊர், நான் மேலே சொன்ன, வாலர் தீவுகளுக்குக் கிழக்கே உள்ள அதே ஹால்டன். நம் கோயில்களையும் கோபுரங்களையும் தம் கையால் வண்ண ஓவியங்களாகத் தீட்டியவர் இவர். இவருடைய தம்பி கார்ஸ்டன் ஆங்கர். எய்ட்ஸ்வோலில் அரசியல் சட்டம் எழுதப்பட்ட மாளிகை யாருடையது என்கிறீர்கள்? இந்தத் தம்பியுடையதே! அண்ணன் நம் கடற்கரையில் ஆட்சி செய்தார்; தம்பியின் வீட்டில் ஒரு நாட்டின் சட்டம் பிறந்தது. புதிய நார்வேக்கு ஆதரவு தேடி லண்டனுக்குத் தூது சென்றவரும் கார்ஸ்டன்தான். தூது பலிக்கவில்லை. பிரிட்டன் ஸ்வீடனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டது. நார்வேயின் கரையை மறுபடியும் அடைத்தது.

இன்னும் ஒன்று. கோபன்ஹேகனில் மூண்ட அந்தப் போரின் தொடர்ச்சியாகவே 1808இல் பிரிட்டிஷார் தரங்கம்பாடியைக் கைப்பற்றினார்கள். கீல் உடன்படிக்கைக்குப் பிறகு 1815இல் அது டென்மார்க்கிடம் திரும்பியது. நார்வேயைப் பறிகொடுத்த அதே ஏட்டினால் தரங்கம்பாடி திரும்பக் கிடைத்தது. நம் ஊராரையும் அன்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படகுகளும் கப்பல்களும்

போருக்கு வருவோம். தரைவழியே நேராக நுழையாமல், ஸ்வீடன் ஏன் முதலில் தீவுகளைத் தாக்கியது? இதற்கு விடை காண நூறு ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

1716இல் ஸ்வீடனின் பன்னிரண்டாம் கார்ல் ஹால்டனை முற்றுகையிட்டார். அவருடைய படைக்கு வேண்டிய உணவும் வெடிமருந்தும் கடல் வழியே வர இருந்தன. அக்கப்பல்கள் எல்லையோரத்தில் டைனெகிலன் என்னும் குறுகிய கடற்கழியில் ஒதுங்கியிருந்தபோது, ஜூலை 8ஆம் நாள், டோர்டென்ஷோல்ட் என்னும் இளம் கடற்படைத் தலைவன் உள்ளே புகுந்து அவற்றை அழித்தும் பிடித்தும் சூறையாடினான். முற்றுகை கலைந்தது. பன்னிரண்டாம் கார்ல் இரண்டாண்டு கழித்து மீண்டும் வந்தார். பிரெட்ரிக்ஸ்டென் கோட்டையின் முன்னே பதுங்குகுழியில் நின்றபோது தலையில் குண்டு பாய்ந்து மாண்டார். கரையோரத் தீவுகளில் பகைவனின் படகுகள் இருக்கும்வரை தரைப்படைக்குச் சோறு இல்லை. இதுதான் ஸ்வீடன் கற்ற பாடம். நெப்போலியனிடம் பயின்ற கார்ல் யோஹானுக்கு இப்பாடத்தை இன்னொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

நார்வேயிடம் இருந்த கடற்படை எத்தகையது? பெரும் போர்க்கப்பல் ஒன்றும் இல்லை. கோபன்ஹேகனில் பறிபோனவை போக எஞ்சிய பெருங்கப்பலையும் 1808 மார்ச்சில் பிரிட்டிஷார் அழித்தனர். புதிதாகக் கட்டிய 'நஜாடன்' என்னும் பிரிகேட் கப்பலை 1812 ஜூலையில் லிங்கோர் என்னுமிடத்தில் நொறுக்கினர். மீந்தவை சில சிறு கப்பல்களும் பீரங்கிப் படகுகளுமே.

இந்தப் பீரங்கிப் படகுகளைப் பற்றி நம் மீனவ நண்பர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். நீண்ட, தாழ்ந்த படகு. முன்னும் பின்னும் பெரிய பீரங்கி. பாயும் உண்டு, ஆனால் உண்மையான பலம் தண்டு வலிப்பவர்களின் தோளில். ஆழமற்ற நீரில் போகும். பாறை இடுக்கில் மறையும். காற்று வீசும்போது பெருங்கப்பலின் முன்னே இது ஈ. காற்று விழுந்துவிட்டாலோ கப்பல் அசையாமல் நிற்கும். படகுகள் அதன் பீரங்கி எட்டாத முன்புறமும் பின்புறமும் வந்து கொத்தித் தீர்த்துவிடும். 1808 அக்டோபரில் 'ஆப்பிரிக்கா' என்னும் 64 பீரங்கிப் பிரிட்டிஷ் கப்பல் டென்மார்க்கின் படகுக் கூட்டத்தில் அகப்பட்டு இப்படித்தான் சீரழிந்தது. இதை என் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கடலில் நாற்பது ஆண்டு உழைத்தவர். "இதுல என்னடா அதிசயம்? கப்பல்காரன் காத்தை நம்பிக் கெடக்கான். தண்டு வலிக்கிறவன் கையை நம்பிக் கெடக்கான். எந்த இடத்துல பாரு இருக்கு, எந்த இடத்துல திட்டு இருக்குன்னு தெரிஞ்சவன்தான் அங்க ராசா" என்றார். போர்க் கலை நூல் ஒன்றின் ஓர் அதிகாரத்தை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார்.

அப்படியானால் நார்வேயின் படகுகள் ஸ்வீடனின் கப்பல்களை வாலர் பாறைகளுக்கிடையே மடக்கியிருக்கலாமே? இங்கேதான் சிக்கல். ஸ்வீடனிடம் பெருங்கப்பல்களும் இருந்தன. பீரங்கிப் படகுகளும் ஏராளமாக இருந்தன. தீவுக் கூட்டங்களில் சண்டையிடுவதற்கென்றே தனிப் படகுப்படையைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே வளர்த்த நாடு அது. அப்படையைக் கொண்டே 1790இல் ஸ்வென்ஸ்க்சுண்டில் ருஷ்யரை வென்றது. வெளிக்கடலில் கப்பல், உள்கழியில் படகு. பாரும் திட்டும் தெரிந்தவன் இரு பக்கமும் இருந்தான்.

அந்த ஜூலை நாள்

தாமஸ் ஃபாஸ்டிங் என்பவர் வாலரில் இருந்த நார்வேப் படகுப்படையின் தலைவர். எதிரே வந்தவர் ஸ்வீடனின் தளபதி பூக்கே. ஜூலை 26ஆம் நாள் ஸ்வீடனின் படை தீவுகளை நெருங்கியது. அதன் நோக்கம் தீவுகளைப் பிடிப்பது மட்டுமாக இருந்திருந்தால் வேலை எளிது. படகுப்படையை அங்கேயே வளைத்து அழித்துவிட வேண்டும் என்பதும் எண்ணம். ஃபாஸ்டிங் என்ன செய்தார்? பெரும் சண்டைக்கு நிற்கவில்லை. தீவுகளிலிருந்த வீரர்களை ஏற்றிக்கொண்டு, வலை இறுகுமுன் வெளியேறி, படகுகளோடு தப்பிவிட்டார். ஸ்வீடன் வாலரைப் பிடித்தது. ஆனால் வலையில் மீன் இல்லை.

இதை வீரம் என்பதா, கோழைத்தனம் என்பதா? விடுதியில் இதைப் பற்றி ஓர் இரவு முழுவதும் வாதிட்டோம். "தாய்நாட்டு மண்ணில் ஒரு சாணும் விட மாட்டேன் என்று நின்று மடிவதல்லவா வீரம்?" என்றார் ஒருவர். "செத்த பிறகு மண்ணை யார் காப்பது?" என்றார் இன்னொருவர். முன்னவர் கட்சிக்கு ஒரு வலுவான சான்றும் உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. அன்று காப்பாற்றப்பட்ட படகுகள் மீதிப் போரில் பங்கு கொள்ளவே இல்லை. திண்ணை பறிபோனதன் விலையும் உடனே தெரிந்துவிட்டது. கடல் வழி திறந்துவிட்டதால், பிரெட்ரிக்ஸ்டாட் நகரத்தை ஒட்டிய குரோக்கரோய் தீவில் ஸ்வீடனின் வீரர்கள் ஆறாயிரம் பேர் இறங்கினார்கள். ஆகஸ்ட் 4ஆம் நாள் அந்தக் கோட்டை நகரம் பணிந்தது. போர் முடிந்தபின் நாடெங்கும் 'துரோகம்! துரோகம்!' என்ற கூச்சல் எழுந்தது. தளபதி ஹாக்ஸ்தவுசன் என்பவர் மீது வழக்கே நடந்தது. பிறகு குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார்.

ஆயினும் என் மனம் ஃபாஸ்டிங்கின் பக்கமே சாய்கிறது. காரணத்தைச் சொல்கிறேன். ஸ்வீடனிடம் சுமார் 45,000 வீரர்கள். அவர்களுள் பலர் நெப்போலியனோடு பொருது பழகியவர்கள். நார்வேயால் திரட்ட முடிந்தது சுமார் 30,000 பேர், பசியில் வாடியவர்கள். அந்நிலையில் நார்வே காக்க வேண்டியது எது? ஒரு தீவா? ஒரு நகரமா? மே 17ஆம் நாள் எழுதிய சட்டமா? சட்டத்தைக் காக்க வேண்டுமானால், பேரம் பேசும் நாள் வரும்போது நார்வேயின் கையில் ஒரு படை உயிரோடு இருக்க வேண்டும். தோற்றவன் என்ற பெயர் வரலாம். அழிந்தவன் என்ற நிலை வரக்கூடாது. வாலரிலேயே எல்லாரும் மடிந்திருந்தால் பாடுவதற்கு ஒரு பரணி கிடைத்திருக்கும். பேசுவதற்கு ஆள் கிடைத்திருக்காது.

இருபது நாட்கள்

தெற்கே இப்படித் தோல்வி நிழலாடியபோது, உள்நாட்டில் கோங்ஸ்விங்கர் பக்கத்தில் கதை வேறாக இருந்தது. ஆகஸ்ட் 2ஆம் நாள் லியரிலும், 5ஆம் நாள் மாட்ராண்டிலும் கிரெப்ஸ் என்னும் நார்வே அதிகாரி ஸ்வீடனின் படையை விரட்டியடித்தார். பிரெட்ரிக்ஸ்டென் கோட்டை குண்டுகளைத் தாங்கிக்கொண்டு நின்றது. சண்டையில் அது விழவே இல்லை. 9ஆம் நாள் குளோம்மா ஆற்றின் கரையில் லாங்னெஸ் என்னுமிடத்தில் மழையிலும் சேற்றிலும் நார்வே வீரர்கள் பகைவரைத் தடுத்து நிறுத்தினார்கள். ஆனாலும் உணவு குறைந்துகொண்டே வந்தது. பகைவர் வளைத்துக்கொண்டே வந்தனர். அரசர் கிறிஸ்டியன் பிரெடரிக் எதிர்த்தாக்குதலுக்கு ஆணையிட்டார். சில மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றார். தம்மால் வெல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

வியப்பு என்னவென்றால், வெல்லும் நிலையில் இருந்த கார்ல் யோஹானும் பேச்சுக்கே விரைந்தார். மலையும் காடும் நிறைந்த நாட்டில் போர் நீண்டால் குளிர்காலம் வந்துவிடும். வியன்னாவில் வல்லரசுகளின் மாநாடு கூட இருந்தது. ஐரோப்பா எங்கும் பழைய அரச குடும்பங்கள் மீண்டும் அரியணை ஏறிக்கொண்டிருந்தன. சாதாரணக் குடும்பத்தில் பிறந்து இளவரசரான தம்மை அந்த மாநாடு என்ன செய்யுமோ என்ற அச்சம் அவருக்கு. கையில் நார்வே வேண்டும். அதுவும் விரைவில் வேண்டும்.

1814 ஆகஸ்ட் 14ஆம் நாள் மோஸ் என்னும் ஊரில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நார்வேயின் சார்பில் யோனாஸ் கொலெட், நீல்ஸ் ஆல் என்ற இருவர் பேசினர். கிறிஸ்டியன் பிரெடரிக் முடி துறக்க வேண்டும். நார்வே ஸ்வீடனோடு ஒரே அரசரின் கீழ் சேர வேண்டும். இது ஸ்வீடன் பெற்றது. எய்ட்ஸ்வோல் அரசியல் சட்டத்தைக் கார்ல் யோஹான் ஏற்க வேண்டும். இரு நாடுகளும் சேர்வதற்குத் தேவையான திருத்தங்கள் மட்டுமே, அதுவும் நார்வேயின் நாடாளுமன்றமான ஸ்டோர்டிங்கின் இசைவோடு செய்யப்பட வேண்டும். இது நார்வே பெற்றது. நவம்பர் 4ஆம் நாள், திருத்திய சட்டத்தின்படி, ஸ்டோர்டிங்கே பதின்மூன்றாம் கார்லை நார்வேயின் அரசராகத் தேர்ந்தெடுத்தது. கீல் நகரில் 'கொடுக்கப்பட்ட' நாடு, நவம்பரில் தன் அரசரைத் தானே 'தேர்ந்தெடுத்தது'. இந்த இரண்டு வினைச் சொற்களுக்கும் இடையே உள்ள தூரம்தான் அந்த இருபது நாள் போரின் பலன்.

நண்பரே, உம் கேள்விக்கு இதுதான் விடை. போரில் ஸ்வீடன் வென்றது. பேச்சில் நார்வே தோற்கவில்லை.

பின்னர் நடந்தவை

சேர்ந்து வாழ்ந்த காலம் 91 ஆண்டுகள். நார்வேக்குத் தனி நாடாளுமன்றம், தனிக் கருவூலம், தனிப்படை என்று எல்லாம் இருந்தன. அந்தப் பழைய ஏட்டை வைத்துக்கொண்டே அவர்கள் ஒவ்வொரு உரிமையாகப் பெற்றார்கள். 1905 ஜூன் 7ஆம் நாள், அரசருடனான பிணைப்பு முடிந்தது என்று ஸ்டோர்டிங் தீர்மானித்தது. ஆகஸ்ட் 13ஆம் நாள் மக்கள் வாக்களித்தார்கள். பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 வாக்குகள், எதிராக 184. வாக்குரிமை இல்லாத பெண்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துக்களைத் திரட்டித் தந்தார்கள். எல்லையில் இரு படைகளும் நின்றன. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. பேசியே பிரிந்தார்கள். 1814ஆம் ஆண்டுப் போரே ஸ்வீடன் நடத்திய கடைசிப் போர் என்கிறது வரலாறு. நார்வே 1949இலும் ஸ்வீடன் 2024இலும் நேட்டோ அமைப்பில் சேர்ந்தன. இன்று இரண்டும் ஒரே அணி.

முடி துறந்த கிறிஸ்டியன் பிரெடரிக் என்ன ஆனார்? டென்மார்க் திரும்பி, 1839இல் எட்டாம் கிறிஸ்டியன் என்ற பெயரில் அந்நாட்டுக்கு அரசரானார். 1845இல் அவருடைய ஆட்சியில்தான் தரங்கம்பாடி, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. ஒரு நாட்டை மக்கள் இசைவின்றிக் கைமாற்றக் கூடாது என்ற கொள்கையின் பேரில் 1814இல் அரசரானவர், 31 ஆண்டு கழித்து ஓர் ஊரை, மக்கள் இசைவின்றி, விலைக்குக் கொடுத்தார்! எய்ட்ஸ்வோலில் உழவனும் கூடி உட்கார்ந்து சட்டம் எழுதினான். தரங்கம்பாடியில் வலை இழுத்தவனுக்கும் நெசவு நெய்தவனுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. இதை எழுதும்போது எனக்குச் சினம் வரவில்லை என்றால் பொய். கொள்கை ஒன்றுதான், அதைத் தம் இனத்தார்க்கு மட்டும் உரியதென்று நினைத்துவிடுகிறார்கள்.

வாலர் தீவுகள் இன்று அமைதியாக இருக்கின்றன. 1989இல் கடலுக்கடியில் குடைந்த சுரங்கச் சாலை ஒன்று கிர்க்கோய்த் தீவை மற்றவற்றோடு இணைத்துவிட்டது. 2009ஆம் ஆண்டு வாலரின் வெளிப்புறக் கடலை நார்வே தன் முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதே ஆண்டில் எல்லைக்கு அப்பால் கோஸ்டர் தீவுகளின் கடலை ஸ்வீடனும் தேசியப் பூங்காவாக்கியது. குளிர்ந்த ஆழத்தில் வளரும் பவளப்பாறைகள் அங்கே உள்ளன. அன்று பீரங்கிப் படகுகள் ஒன்றையொன்று துரத்திய நீர்ப்பரப்பின் அடியில், அந்தப் பவளத்தைக் காக்க இரு நாட்டாரும் வேலை செய்கிறார்கள்.

பேராசிரியப் பெருமக்களே, நண்பர்களே! நம் பாடநூல்களில் 'இன்ன உடன்படிக்கையின்படி இன்ன பகுதி இன்னாருக்கு அளிக்கப்பட்டது' என்ற வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டுப் புரட்டிவிடுகிறோம். அடுத்த முறை அந்த வாக்கியம் வரும்போது ஒரு நொடி நின்று, அங்கே வாழ்ந்தவர்களை யாராவது கேட்டார்களா என்று எண்ணிப் பாருங்கள். கேட்காதபோதும் பதில் சொன்னவர்கள் உண்டு. அப்படிச் சொன்ன ஒரு நாடு மே 17ஆம் நாளை இன்றும் திருநாளாகக் கொண்டாடுகிறது. அன்று தலைநகரின் தெருக்களில் அணிவகுப்பவர்கள் படைவீரர்கள் அல்லர்; கையில் கொடி பிடித்த பள்ளிக் குழந்தைகள்.